சென்னையில் புயல்... சிங்கப்பூரில் கப்பல்... நடுவில் நாங்கள்!

கோவில்பட்டிப் பக்கம் யாரும் புயலைத் திட்ட மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் ஏதாவது ஒன்று சுழன்றால்தான் எங்கள் கரிசல் காட்டுக்கு ஈரம். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு வானம் பார்ப்பவர்கள், டி.வி-யில் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்ற வார்த்தை வந்தாலே சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். 2024 கார்த்திகையில் எங்கள் வீட்டில் மட்டும், ‘இந்த ஒரு தடவை வேண்டாம் சாமி’ என்று வேண்டிக்கொண்டிருந்தோம்.

காரணம், ஒரு கப்பல்.

என் தம்பி சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு ஷிப்யார்டில் வெல்டிங் வேலை. 14 வருஷம். எத்தனையோ கப்பல்களுக்குத் தகடு ஒட்டியவன், ஒரு கப்பலில்கூடப் பயணியாக ஏறியதில்லை. மனைவியையும் மகளையும் அங்கே கூட்டிக்கொள்ள முடியாத வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவான், ஒரு மாசம் இருப்பான், போவான். 2024 டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி ஊரோடு வந்துவிடுவேன் என்றான். வருவதற்கு முன்னால் அவனுக்கு ஓர் ஆசை. ‘நான் என்ன வேலை பார்த்தேன்னு நீங்க யாரும் பார்த்ததே இல்லையே... ஒரு கப்பலை உள்ளே இருந்து காட்டுறேன்’ என்று, மூன்று வருஷம் தனியாகச் சேர்த்த பணத்தில் 5 பேருக்கு டிக்கெட் போட்டான். அம்மா, அவன் மனைவி, மகள், நான், அவன். டிசம்பர் 2, திங்கட்கிழமை மாலை 5 மணிக்கு சிங்கப்பூரில் கிளம்பி, பினாங்கு போய், மூன்று இரவில் திரும்பும் சொகுசுக் கப்பல். அவனுக்குக் கிடைத்திருந்த லீவே அந்த நான்கு நாள்தான்.

அம்மாவுக்கு 71 வயது. 30 வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டியவர். கப்பல் என்றதும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். அவருக்கு 11 வயதில் தனுஷ்கோடி அழிந்தது. ரயிலில் போய் இறங்கி, அப்படியே கப்பல் ஏறித் தலைமன்னார் போகிற ஊர் அது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. அந்தச் செய்தியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்குப் புயலும் கப்பலும் ஒரே வாக்கியத்தில் வந்தால் வயிறு கலங்கும். பேத்திதான், ‘ஆச்சி, இது 15 மாடி இருக்கிற கப்பல்’ என்று போனில் படம் காட்டிச் சம்மதிக்க வைத்தாள்.

டிக்கெட் எப்படிப் போட்டிருந்தோம்?

நவம்பர் 30, சனிக்கிழமை பிற்பகல் தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து சென்னை. அன்று இரவே சென்னையிலிருந்து சிங்கப்பூர். ஞாயிறு காலை போய்ச் சேர்ந்து, ஒருநாள் தங்கி, திங்கள் கப்பல். அந்த ஒருநாள் இடைவெளி தம்பியின் பிடிவாதம். ‘கப்பல் நமக்காக நிக்காதுக்கா. காலையில வந்து இறங்கி மத்தியானம் ஏறுற வேலையே வேண்டாம்’ என்றான். ஓட்டல் செலவு கூடுதலாக ஆனது. ஆனால், பிறகு நடந்த எல்லாவற்றிலும் எங்களைத் தாங்கிப் பிடித்தது அந்த ஒருநாள்தான்.

அந்த வாரம் வானிலைச் செய்திகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். தாழ்வு மண்டலம் கடலில் நகராமல் நின்றது. புயலாகும் என்றார்கள், பிறகு ஆகாது என்றார்கள். நவம்பர் 29, வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆகியேவிட்டது. சவூதி அரேபியா கொடுத்த பெயர், ஃபெஞ்சல். சனிக்கிழமை புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடக்கும் என்று அறிவித்தார்கள். நாங்கள் சென்னையில் விமானம் மாற வேண்டிய அதே நாள்.

கோவில்பட்டியில் அன்று ஒரு தூறல்கூட இல்லை. மேகம் மட்டும் மூடியிருந்தது. வாசலில் துணி காய்ந்துகொண்டிருக்க, உள்ளே நாங்கள் நான்கு பேரும் சென்னைப் புயலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காத்திருப்பதா, பாய்வதா?

இப்படி ஒரு நேரத்தில் யாரும் முதலில் யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிக்கெட் ஏஜென்ட் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. “அக்கா, நீங்களா ரத்து பண்ணுனா பாதிக்கு மேல பிடிச்சுக்குவாங்க. அவங்களா ரத்து பண்ணுனா முழுப் பணமும் வரும். இன்னும் ஃபிளைட் ஓடுதுன்னுதான் காட்டுது. பொறுங்க.”

பொறுத்தால் பணம் தப்பும். ஆனால், சென்னை மூடிய அடுத்த நிமிஷம் ஆயிரக்கணக்கான பேர் அதே திருச்சி, மதுரை, பெங்களூரு விமானங்களைத் தேடுவார்கள். அப்போது பணம் கையில் இருந்தாலும் ஸீட் இருக்காது. பாய்ந்தால் ஸீட் கிடைக்கும். ஆனால், புயல் திசை மாறி சென்னை விமானம் ஒழுங்காகப் போய்விட்டால் பழைய டிக்கெட் பணம் அப்படியே போகும்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தேடிப் பார்த்தோம். நான்கு பேருக்கு ஒரே விமானத்தில் இடமில்லை. சனிக்கிழமை பின்னிரவில் 2, ஞாயிறு இரவில் 2. ஆளுக்குச் சுமார் 18,000 ரூபாய். மொத்தம் 72,000. நான் வீட்டிலேயே கடலைமிட்டாய் போட்டு விற்கிறவள். தீபாவளி வியாபாரத்தில் மிஞ்சியதும், மகளிர் குழுவில் கிடந்ததும் சேர்த்தால் அவ்வளவு தேறும். அதை ஒரே ராத்திரியில், தேவைப்படுமா இல்லையா என்று தெரியாத டிக்கெட்டுக்குக் கொடுப்பதா?

நானும் தம்பி மனைவியும் மாறி மாறிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அதுவரை பேசாமல் இருந்த அம்மா கேட்டார். “மழை விழுந்த பெறகு கரிசக்காட்டுக்குள்ள கால் வைக்க முடியுமா தாயி?”

எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கரிசல் மண் நனைந்தால் காலைப் பிடித்து இழுக்கும். ஏரும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. அதனால்தான் மானாவாரிக்காரர்கள் புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிடுவார்கள். மழை வந்தால் முளைக்கும். வராவிட்டால் விதை போச்சு. மழை வரட்டும், பிறகு விதைக்கலாம் என்று நின்றால் அந்த வருஷம் காட்டுக்குள் போகவே முடியாது. அம்மாவின் அப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் கரிசல் இருந்தது. எத்தனையோ வருஷம் விதையைப் பறிகொடுத்தவர். ஆனாலும் அடுத்த புரட்டாசியில் மறுபடி போட்டார்.

“போறது வெதையா இருக்கட்டும், வெள்ளாமையா இருக்க வேண்டாம்” என்றார் அம்மா. அன்று இரவு 9 மணிக்கு வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் நான்கு டிக்கெட்டும் எடுத்தோம். பழைய டிக்கெட்டைத் தொடவில்லை.

யார் முதலில்?

அடுத்த கேள்வி, சனிக்கிழமை போகிற அந்த ரெண்டு பேர் யார் என்பது. வயதானவர் முதலில் பத்திரமாகப் போகட்டும் என்று நான் சொன்னேன். தம்பி மனைவி, “ஆமா மதினி, அத்தையைக் கூட்டிட்டு நீங்க முன்னாடி போங்க” என்றாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “ஞாயித்துக்கெழம வண்டி நின்னு போச்சுன்னா? புருஷன், பொண்டாட்டி, பிள்ளை மூணு பேரும் கப்பல்ல இருக்கணும். நான் அவன் ஊருக்கு வந்த பெறகு பாத்துக்கிடுவேன்.”

அவள் அழுதுவிட்டாள். கல்யாணமாகி 12 வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த நாள்களை எண்ணினால் ஒரு வருஷம்கூட வராது.

சனிக்கிழமை நண்பகலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். நள்ளிரவு தாண்டும்வரை ஒரு விமானமும் ஏறவில்லை, இறங்கவில்லை. மூடுவதற்கு முன்னால் தரையைத் தொடப்போன ஒரு விமானம் காற்றில் ஆடி, மறுபடி மேலே எழும்பிப் பறந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று விளங்கியது. விமானத்தை ரத்து செய்கிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோமே, பல நேரம் அந்த ரத்துதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

எங்கள் சென்னை டிக்கெட் ரத்தானதாகக் குறுஞ்செய்தி வந்தபோது, தம்பி மனைவியும் மகளும் மதுரை தாண்டித் திருச்சி ரோட்டில் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிறு காலை அவர்கள் இறங்கிவிட்டதாகத் தம்பி போட்டோ அனுப்பினான். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

திருச்சியில் ஓர் இரவு

எங்கள் முறை ஞாயிற்றுக்கிழமை. அன்று புயல் கரையேறியும் போகாமல் புதுச்சேரிப் பக்கமே நின்றுகொண்டிருந்தது. அங்கே ஒரேநாளில் 45 செ.மீ-க்கு மேல் கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் தண்ணீரில் மிதந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் மூடி ஒரு வீடே போனது. மறுநாள் விக்கிரவாண்டி அருகே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், தென்மாவட்ட ரயில்கள் பலவும் ரத்தாகின. விமானம் இல்லையென்றால் ரயிலில் சென்னை போய்விடலாம் என்று நினைத்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

நாங்கள் மத்தியானமே கிளம்பி, சாயங்காலம் திருச்சி போய்விட்டோம். இரவு 11 மணிக்குக் கிளம்ப வேண்டிய விமானம் தாமதம் என்றார்கள். முதலில் 1 மணி. பிறகு 2. பிறகு 3.30. திருச்சியில் மழையே பெரிதாக இல்லை. ஆனால், புயலில் ஓரிடம் மூடினால் விமானங்களும் பைலட்டுகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க மாட்டார்கள். அந்தச் சிக்கல் அவிழ ரெண்டு நாள் ஆகும். வானம் தெளிந்த ஊரில் விமானம் தாமதமாவதன் ரகசியம் இதுதான்.

என் போனில் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. 3.30-க்குக் கிளம்பினால் நாலே கால் மணி நேரம். சிங்கப்பூர் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 10.15. கப்பல் 5 மணிக்கு. ஆனால், பயணிகளை ஏற்றுவதை 3.30-க்கே முடித்துவிடுவார்கள். இன்னும் நாலு மணி நேரம் தள்ளிப்போனால்கூடச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் முடிந்தது.

பக்கத்து ஸீட்டில் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன். 22 வயது இருக்கும். முதன்முதலாக வேலைக்குப் போகிறான். திங்கள் காலை கம்பெனியில் ரிப்போர்ட் செய்ய வேண்டும், ஏஜென்ட் போனை எடுக்கவில்லை என்று கலங்கிப் போயிருந்தான். நாங்கள் இழந்தால் ஓர் உல்லாசப் பயணம் போகும். அவன் இழந்தால் வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணமும் வேலையும் போகும். நான் அவனிடம், விமானம் தாமதம் என்று கவுன்ட்டரில் எழுதி வாங்கிக்கொள், அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு இப்போதே அனுப்பிவிடு என்றேன். ஓடிப்போய் வாங்கி வந்தான். அம்மா அவனுக்கு முறுக்கும் கடலைமிட்டாயும் கொடுத்து, “எம் மவனும் இப்படித்தான்யா போனான்” என்றார். அதன்பிறகு விமானம் வரும்வரை அவன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

3.40-க்கு விமானம் கிளம்பியது.

கப்பல் முனையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 12.30. தம்பி, மனைவி, மகள் மூன்று பேரும் பெட்டியோடு வெளியேதான் நின்றார்கள். ‘நீங்க ஏறிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்’ என்றார் அம்மா. “நீ வராம எப்படிம்மா?” என்றான். அவ்வளவுதான் பேசினார்கள். அன்று மாலை மேல்தளத்துக்குப் போகிற படிக்கட்டு ஓரத்தில், தம்பி ஒரு தகட்டின் இணைப்பை விரலால் தடவிக் காட்டினான். ‘இந்த மாதிரிதாம்மா நான் ஒட்டுறது’. அம்மா கையை வைத்துப் பார்த்தார். 30 வருஷம் பெட்டி ஒட்டியவருக்கு அதில் என்ன தெரிந்ததோ, ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால்...

இந்த அனுபவத்தில் நாங்கள் கற்றதையும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

* அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது கப்பல் பயணம் இருந்தால், கப்பல் புறப்படும் ஊருக்கு ஒருநாளாவது முன்னதாகப் போய்விடுங்கள். சென்னை வழி என்றால் ரெண்டு நாள் நல்லது.

* உள்ளூர் விமானத்தையும் வெளிநாட்டு விமானத்தையும் ஒரே புக்கிங்கில் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால், முதல் விமானம் ரத்தாகி ரெண்டாவதைத் தவறவிட்டாலும், ரெண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. எங்களுக்கு ஒரே புக்கிங் என்பதால் பணம் முழுதும் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது.

* புயலால் விமானம் ரத்தானால் நஷ்டஈடு கிடைக்காது. ஆனால், மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம் முழுவதும், இரண்டில் ஒன்றைக் கேட்பது உங்கள் உரிமை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியே அதைச் சொல்கிறது. ஆகவே, நிறுவனம் ரத்து செய்யும் முன் அவசரப்பட்டு நீங்களாக ரத்து செய்யாதீர்கள். தேதியை இலவசமாக மாற்றச் சலுகை அறிவித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

* பயணக் காப்பீட்டை டிக்கெட் போட்ட அன்றே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால், பெரும்பாலான பாலிசிகளில் அந்தப் புயலால் வரும் இழப்புக்குப் பணம் கிடைக்காது.

* தாமதம் என்றதும் கப்பல் நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கு அவர்கள் அனுமதி வேண்டும், அந்த நாட்டு விசா விதியும் இடம்கொடுக்க வேண்டும். நம்பியிருக்கக்கூடிய வழியல்ல.

* சிங்கப்பூரில் கிளம்பி சிங்கப்பூருக்கே திரும்பும் கப்பல் என்றால், பலமுறை நுழையும் விசா இருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் திரும்பும்போது நீங்கள் ரெண்டாவது முறையாக உள்ளே நுழைகிறீர்கள்.

* மருந்து, பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், ஒரு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி தாமதமானாலும் நீங்கள் கப்பல் ஏறிவிடலாம்.

* குடும்பமாகப் போகும்போது எல்லாருக்கும் ஒன்றாக இடம் கிடைக்காவிட்டால் பிரிந்து போகத் தயங்காதீர்கள். யார் முதலில் என்பதை விமான நிலையத்தில் நின்று பேசாமல், வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

நாங்கள் ஊர் திரும்பிய ஒரு வாரத்தில், டிசம்பர் 12, 13 தேதிகளில் எங்கள் பக்கமே கனமழை வெளுத்து வாங்கியது. முந்தைய வருஷம், 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரேநாளில் 95 செ.மீ பெய்து, ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு மாட்டிக்கொண்டது எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. எங்கள் கப்பல் பத்து நாள் தள்ளி இருந்திருந்தால், சென்னை திறந்திருந்தும் எங்களால் தெருவைத் தாண்டியிருக்க முடியாது. மேப்பில் புயல் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வாசலிலிருந்து கப்பல் படிக்கட்டு வரை வழியில் எத்தனை ஊர், எத்தனை பாலம் என்றும் எண்ணிப் பாருங்கள்.

தம்பி மாதக் கடைசியில் ஊருக்கு வந்துவிட்டான். அவன் வருகைக்கும் திருச்சி வழியாகத்தான் டிக்கெட் போட்டிருந்தோம். வரவேண்டிய நாளுக்கு ரெண்டு நாள் முன்னதாக!